தரைத் தளத்தில் ஓர் அறை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. எல்லோரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. இந்தத் தடவை முக்கால்வாசி நலம் என்று வைத்துக்கொள். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அவள் சொல்வதில் பாதி அழுகை, பாதி விஷயம். நான் விஷயத்தை மட்டும் பிரித்து எழுதுகிறேன்.

குளியலறையில் நானும் உன் தம்பியும் விழுந்தது உண்மை. துரையைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கி ஸ்டூலில் வைக்கப் போனபோது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் கீழே, அவன் என் மேலே. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, எனக்கு விலாவில் வலி. உன் அம்மா ஓடி வந்தாள். யாரை முதலில் தூக்குவது என்று தெரியாமல் குழாயை மூடினாள். கீழ் வீட்டு டெய்லர் வந்துதான் எங்களைப் பிரித்து எடுத்தார். துரை மட்டும் சிரித்துக்கொண்டிருந்தான். "அப்பா... ஓவர்... லோடு" என்றான். அவனுக்கு ஒரு வார்த்தை வாயை விட்டு வெளியே வர எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் டெய்லரைத் தூக்க விட்டான்.

டாக்டர் இனிமேல் பாரம் தூக்கக் கூடாது, மாடிப்படியையும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார். என்ன வேலை என்று கேட்டார். லிஃப்ட் மெக்கானிக் என்றேன். அப்படியென்றால் வீட்டுக்கு லிஃப்டில்தானே போவீர்கள் என்றார். இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது என்றேன். மனிதர் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்குகிறவன், சொந்தப் பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோக டெய்லரையும் அவர் மச்சானையும் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஊருக்கு உபதேசம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். பாலம் கட்டும் வேலையில் அடுத்த ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடப் போவதில்லை, திரும்பி வந்து தரைத் தளத்தில் வீடு பிடித்துத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் உன் அம்மாவுக்கு ஒரே நிம்மதி. நல்ல பெண்ணைப் பெற்றேன் என்று டெய்லர் வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு நிம்மதி வரவில்லை. மேலதிகாரி அடுத்த மாதக் கடைசிவரை நேரம் கொடுத்திருக்கிறார் என்று நீயே சொல்கிறாய். அதுவரை வாயைத் திறக்காதே. நான் எழுதுகிறேன்.

நாங்களும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தரைத் தள வீடுகளைத் தேடினோம். வாசலில் சரிவுப் பாதை போட்டால் வீட்டின் அழகு கெட்டுவிடும் என்றார் ஒருவர். பையன் ராத்திரியில் கத்துவானா என்று கேட்டாள் ஓர் அம்மாள். துரை அவளைப் பார்த்து, "நீங்க?" என்று திருப்பிக் கேட்டான். அந்த வீடும் போயிற்று. உன் அத்தை, அவனை எங்கள் வீட்டில் விடுங்கள் அண்ணா என்று பெரிய மனதோடு சொன்னாள். சொல்லும்போது சமையலறையில் அவள் மருமகள் பாத்திரம் கழுவிய சத்தம் உனக்கே கேட்டிருக்கும்.

ஊருக்கு வெளியே ஒரு பெரிய இல்லம் இருக்கிறது. போய்ப் பார்த்தோம். சுத்தமான இடம், குறை சொல்ல முடியாது. நீளக் கூடம், வரிசையாகக் கட்டில்கள், எல்லாக் கட்டிலுக்கும் ஒரே நிறப் போர்வை. "இங்க யாருக்கும் எந்தக் கவலையும் கிடையாது சார், எல்லாத்தையும் நாங்களே முடிவு பண்ணிடுவோம்" என்று அதன் மேலாளர் பெருமையாகச் சொன்னார். துரை ஒரே ஒரு கேள்வி கேட்டான். எந்தக் கதவைச் சாத்திக்கொள்வது என்று. கூடத்துக்குக் கதவே இல்லை.

கடைசியாக மருத்துவமனை சமூகப் பணியாளர் ஓர் இடம் சொன்னார். நகரத்துக்குள்ளேயே, தரைத் தளத்தில் ஒரு வீடு. உன் தம்பி வயதுக்காரர்கள் நாலு பேருக்கு ஆளுக்கொரு அறை. சமையலறையும் கூடமும் பொது. உதவியாளர்கள் முறை வைத்து வந்து, கேட்ட உதவியைச் செய்துவிட்டுப் போவார்கள். ஒருவனுக்குக் கல்யாணமாகித் தனி வீடு போய்விட்டதால் ஓர் அறை காலி. விசித்திரம் என்னவென்றால், யாரைச் சேர்ப்பது என்று அதிகாரிகள் முடிவு செய்வதில்லை. அங்கே இருக்கிற மூன்று பேரும் பார்த்துப் பேசித்தான் முடிவு செய்வார்களாம். வரும் வாரம் எங்களை டீக்கு அழைத்திருக்கிறார்கள்.

உன் அம்மா இதை விடவில்லை. தேர்வுக்குத் தயார் செய்கிற மாதிரி, தினமும் துரையை உட்கார வைத்துக் கேள்வி கேட்டுப் பதில் சொல்லித் தருகிறாள். எதைக் கேட்டாலும் பரவாயில்லை என்று சொல், யாருக்கும் தொந்தரவு தரமாட்டேன் என்று சொல். நானும் கூட உட்கார்ந்து திருத்துகிறேன். நல்லபடியாக முடியும் என்றுதான் தோன்றுகிறது.

உயரத்தில் வேலை செய்யும்போது இடுப்புப் பட்டையை மறக்காதே.

இப்படிக்கு,
அப்பா

*

அன்பு மகளுக்கு,

தோற்றுவிட்டோம். துரை தோற்கவில்லை, நானும் உன் அம்மாவும்தான் தோற்றோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்த வீட்டில் இருக்கிற மூன்று பேரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருத்தி சட்டம் படிக்கிறாள், அவளும் சக்கர நாற்காலிதான். எல்லோரும் வக்கீல் என்றே கூப்பிடுகிறார்கள். அவள் பார்க்கிற பார்வைக்கு அதுதான் சரி. இன்னொருத்திக்குக் கண் தெரியாது, கால் சென்டரில் வேலை. மூன்றாவது பையன் செடிகள் விற்கும் நர்சரியில் வேலை செய்கிறான். வட்ட முகம், சின்னக் கண்கள், கணக்கு வராது, எழுதப் படிக்கக் கொஞ்சம்தான் வரும் என்று சமூகப் பணியாளர் முன்னாலேயே சொல்லியிருந்தார். ஆனால் மனிதர்களைக் கண்டுபிடித்துவிடுகிறான்.

வக்கீல்தான் கேள்வி கேட்டாள். காலையில் எப்போது எழுந்திருப்பாய் என்றாள். "எப்ப... வேணா" என்றான் துரை. டிவி சத்தமாக வைத்தால்? "பரவா...யில்ல." பாத்திரம் யார் கழுவுவது? "பரவா...யில்ல." சொல்லிக்கொடுத்தது ஒன்றுகூடப் பிசகவில்லை. உன் அம்மா பெருமையாக என்னைப் பார்த்தாள். பிறகு வக்கீல், உனக்கு எது பிடிக்காது என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நாங்கள் தயார் செய்யவில்லை. துரை வாயைத் திறந்தான். வார்த்தை வருவதற்குள் உன் அம்மா, "அவனுக்கு எல்லாமே பிடிக்கும்மா" என்று முந்திக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து நான் கைக்குட்டையை எடுத்து அவன் வாயைத் துடைத்தேன். நர்சரிக்காரன் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கொசுகூடவா பிடிக்கும்?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. டீ ஆறிப்போயிற்று.

மறுநாள் அந்த வீட்டின் பொறுப்பாளர் அம்மா போன் செய்தார். பையனைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை, அப்பா அம்மாவைத்தான் நன்றாகத் தெரிந்துகொண்டோம் என்று மூன்று பேரும் சொல்லிவிட்டார்களாம்.

உன் அம்மாவுக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "நம்ம பிள்ளைய வேண்டாம்னு சொல்ல இவங்க யாரு? தங்கமான பிள்ளை, ஒரு நாள் எதிர்த்துப் பேசினது உண்டா?" என்று பொரிந்து தள்ளினாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. இத்தனை வயதில் அவன் எங்களை எதிர்த்துப் பேசியதே இல்லை. எதை வைத்து எதிர்ப்பான்? அவன் கேட்பதற்கு முன்பே தட்டு வந்துவிடும், போர்வை வந்துவிடும், பதிலும் வந்துவிடும்.

அன்று சாயங்காலம் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். எனக்கு எங்கே இருந்தாலும் பரவாயில்லை அப்பா, எந்த வேலையானாலும் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறாய். துரைக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுக்க எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. உனக்கு எப்போது சொல்லிக்கொடுத்தோம் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. மனசு கஷ்டமாக இருந்தது. அதற்கு மேல் படிக்காமல் மடித்து வைத்துவிட்டேன்.

துரை இணையத்தில் செருப்பு விற்கிற கடைக்குப் படங்களைச் சரிபார்க்கிற வேலை செய்கிறான் அல்லவா, ஒரு நாள் முழுக்க அதைத் தொடவில்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டு வக்கீலின் நம்பரைப் போட்டுத் தரச் சொன்னான். போட்டேன். கதவைச் சாத்து என்றான். சாத்தினேன். உன் அம்மா கதவில் காதை வைக்கப் போனாள், நான் விடவில்லை. நானும் வைத்திருப்பேன், அவள் முந்திக்கொண்டாள் என்பதால் நல்லவன் ஆனேன். ரொம்ப நேரம் பேசினான். என்ன சொன்னாய் என்று கேட்டதற்கு, "எங்க...ளுக்குள்ள" என்றான்.

அதன் பலன், பொறுப்பாளர் மறுபடியும் அழைத்தார். அந்த அறைக்கு இன்னொரு பையனும் கேட்டிருக்கிறானாம். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வாரம் அந்த வீட்டில் தங்கிப் பார்க்கட்டும், பெற்றவர்கள் யாரும் வரக் கூடாது என்று முடிவாகியிருக்கிறது. முதல் வாரம் அந்தப் பையனுக்கு, அடுத்த வாரம் துரைக்கு. உன் மேலதிகாரி கொடுத்த நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அவசரப்பட்டுவிடாதே.

விலா வலி குறைந்திருக்கிறது. உன் அம்மா குறையவில்லை என்று எழுதச் சொல்கிறாள். இரண்டையும் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
அப்பா

*

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும். சாப்பிட்டுவிட்டுப் படி.

துரை அந்த வீட்டுக்குப் போன முதல் நாள் ஒரு தகவலும் இல்லை. உன் அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் மாலை உதவியாளர் போன் செய்தார். நர்சரிக்காரனுக்கும் துரைக்கும் சண்டை, கொஞ்சம் பெரிதாகிவிட்டது, பதறாதீர்கள் என்றார். பதறாதீர்கள் என்று யாராவது சொன்னால் உன் அம்மா எப்படி இருப்பாள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், என் பிள்ளை யாரிடமும் பேச்சு வாங்க வேண்டாம் என்றாள். பஸ் பிடித்துப் போனேன்.

சண்டைக்குக் காரணம் பூந்தொட்டி. அந்த வீட்டில் துரைக்கு மோட்டார் வைத்த நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். இடது கை விரலால் குமிழைத் தள்ளினால் தானே போகும். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவனே அறையிலிருந்து சமையலறைக்குப் போகிறான். அந்த நடைபாதை முழுக்க நர்சரிக்காரன் தொட்டி அடுக்கி வைத்திருக்கிறான். ஒதுங்கி ஒதுங்கிப் போய்ப் பார்த்திருக்கிறான் துரை. கடைசியில் ஒரு தொட்டி மேல் ஏற்றிவிட்டான். கை தவறியா, வேண்டுமென்றா என்று பிறகு கேட்டேன். "ரெண்டும்" என்றான்.

வாசல் திண்ணையில் கால் சென்டர் பெண் உட்கார்ந்திருந்தாள். உள்ளே சண்டை நடக்கிறது, முடிந்த பிறகு வாருங்கள் என்றாள். நான் அவனுடைய அப்பா என்றேன். "தெரியும் சார், நடையிலயே பதற்றம் கேக்குதே. இது வீட்டுச் சண்டை சார், வெளியாள் வேண்டாம்" என்றாள். நான் வெளியாள். இதை எந்த வாயால் உன் அம்மாவிடம் சொல்வேன் என்று யோசித்தபடி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன்.

உள்ளே துரை கத்துவது கேட்டது. அவனுக்கு இவ்வளவு குரல் உண்டு என்று எனக்குத் தெரியாது. "வழி... எனக்கும்... தான்... சொந்தம்!" ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் வழக்கம்போல அவ்வளவு நேரம். நர்சரிக்காரன் அழுதுகொண்டே, செடிதான் முதலில் வந்தது, நீ நேற்று வந்தவன் என்று பதிலுக்குக் கத்தினான். ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். அவ்வளவு கோபத்திலும், துரை சொல்லி முடிக்கும்வரை அவன் காத்திருந்தான். நடுவில் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. முடித்த பிறகுதான் இவன் ஆரம்பித்தான். நாம் மூன்று பேரும் அவன் மேல் உயிரையே வைத்திருக்கிறோம். நம்மில் யாராவது அவனை ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டிருக்கிறோமா? எனக்கு அழுகை வந்துவிட்டது. கண் தெரியாத பெண்தானே என்று சத்தம் வராமல் அழுதேன். அவள் கைப்பையைத் திறந்து கைக்குட்டையை என் பக்கம் நீட்டினாள்.

உள்ளே போகாமலே திரும்பிவிட்டேன். எங்கே பிள்ளை என்று உன் அம்மா கேட்டாள். சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான், முடிய நேரமாகும் என்றேன். யாரோடு என்றாள். அவன் வயதுப் பையனோடு என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஜெயிப்பானா என்று மெல்லக் கேட்டாள்.

வாரக் கடைசியில் அறை துரைக்குத்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். தொட்டிகளுக்குச் சுவரில் பலகை அடித்துவிட்டார்கள். உடைந்த தொட்டிக்குப் பதில் துரை தன் சம்பளத்தில் வேறு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது வக்கீலின் தீர்ப்பு. எதற்காக அவனை எடுத்தீர்கள் என்று அவளிடம் கேட்டேன். "சண்டை போடத் தெரிஞ்சவன் கூடத்தான் அங்கிள் ஒண்ணா இருக்க முடியும். எல்லாத்துக்கும் சரின்னு சொல்றவன் மனசுல என்ன இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

அந்த இன்னொரு பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த வீட்டை நடத்துகிறவர்களின் அலுவலகப் பெஞ்சில் அவன் அம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்பா இல்லாத பையன். ஒரு வாரமும் ஒரு தப்பும் செய்யவில்லையாம், ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். "எம் பிள்ளைக்கு எல்லாமே பிடிக்கும் சார், அப்படி வளர்த்திருக்கேன்" என்றாள் அந்த அம்மா. அடுத்த இடம் கிடைக்கும்வரை ஊருக்கு வெளியே இருக்கிற அந்தக் கூடத்தில்தான் விடப் போகிறாள். அவனுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்காதீர்கள், சண்டை போட விடுங்கள் என்றேன். என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தாள். எங்களுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வாரம் துரை குடிபோனான். டெய்லரும் அவர் மச்சானும் நாற்காலியைப் பிடித்தார்கள். டாக்டர் சொன்னதை மறந்துவிட்டு நானும் ஒரு பக்கம் கை கொடுத்தேன். கீழே வந்ததும் துரை, இனிமேல் நான் மேலே வர மாட்டேன், நீங்கள்தான் கீழே வர வேண்டும் என்றான். உன் அம்மா அதற்குச் சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுதாள்.

இரண்டு நாள் கழித்து வக்கீல் எனக்குப் போன் செய்தாள். குளியலறையில் ஆளைத் தூக்குகிற இயந்திரம் கிறீச்சிடுகிறது, மெக்கானிக்காக வர முடியுமா என்று கேட்டாள். கருவிப் பையோடு போனேன். நல்ல இயந்திரம். ஒரு கப்பிக்கு எண்ணெய் போட்டு, இரண்டு மரையாணியை முறுக்கினேன். சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்றதும் துரை வந்தான். உதவியாளர் துணிப் பட்டையை மாட்டினார். பொத்தானை அவனே அழுத்தினான். ஆடாமல் அசையாமல் மேலே போய் ஸ்டூலில் உட்கார்ந்தான். வாழ்க்கை முழுக்க மோட்டாரோடு மல்லுக்கட்டியவன் நான். ஒரு மோட்டாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அன்றைக்குத்தான். இருந்தாலும் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை வரலாம், வருவதற்கு முன் போன் செய்யுங்கள் என்று துரை வாசல்வரை வந்து சொன்னான். உன் அம்மா இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே போன் செய்யலாமா, செய்யலாமா என்று என்னைப் பிடுங்கி எடுக்கிறாள்.

இவ்வளவையும் எழுதியது, நீ மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காக. தம்பிக்காக இந்த வேலையை விடாதே. அங்கே இருக்க உனக்கே பிடிக்கவில்லை என்றால் அது வேறு விஷயம், தாராளமாக விட்டுவிடு. ஆனால் பிடிக்கவில்லை என்று வாயைத் திறந்து எழுது. பரவாயில்லை என்று எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். உன் தம்பியும் உனக்கு ஒன்று சொல்லச் சொன்னான். அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் நின்று கேட்டு வந்ததை அப்படியே எழுதுகிறேன்: "அக்கா... எனக்காக... வர வேண்டாம். என்னைப்... பாக்க... வரச் சொல்லு."

உன் அம்மா, அவளுக்குப் பதில் எழுதும்போது எங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று எழுதுங்கள் என்கிறாள். எழுதியாயிற்று. இரண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று அவளுக்கு இன்னும் கணக்குப் பிடிபடவில்லை. தினமும் மிஞ்சுகிறது. டெய்லர் கொஞ்சம் பருத்திருக்கிறார்.

நீ கட்டுகிற பாலமும் நீயும் உறுதியாக நில்லுங்கள். லீவு கிடைக்கும்போது வா. தம்பியைப் பார்க்கப் போவதானால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, முதலில் அவனிடம் கேட்டுக்கொண்டு போ. இங்கே வருவதற்கு மட்டும் யாரையும் கேட்க வேண்டாம், எந்தக் கிழமையானாலும், எந்த நேரமானாலும்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கவில்லை என்று எழுதச் சொல்லப்பட்ட
அப்பா